உப்பும் புளியும் தின்ற துவக்கு

ஆவணி 9, வெள்ளி. முரசுமோட்டை.

கொழும்புத் துரைக்குப் பழங்காலத்துச் சாமானென்று விற்பதற்காக என் வீட்டுக்காரர், குழலில் வெடிமருந்து இடித்துச் சுடும் புது இடியன் துவக்கொன்றை உப்பும் புளியும் பூசிச் சாணிக் கும்பியில் புதைத்து வைத்திருந்தார். புளி கரைத்துக் கொடுத்தவள் நான்தான். குழலின் அடி அரித்துப்போனது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இன்று துரை வந்து, வெடிக்குமா என்று கேட்டார். இவர் அதை என் தம்பியிடம் நீட்டினார்.

"மச்சான், ஒரு வெடி வைச்சுக் காட்டு. உன்ர அக்கா மாதிரி நடுங்காதை."

துரைக்கு முன்னால் இவருடைய பொய் வெளிப்பட்டுவிடுமே என்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

தம்பி மருந்து போட்டு இடித்துச் சுட்டான். குழல் பிளந்தது. தம்பிக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றும்போது கேட்டான்:

"அக்கா, நான் வெடிமருந்தைக் கூடுதலாப் போட்டிட்டனோ?"

"ஓமடா," என்றேன்.