அம்புக்குறி எந்தப் பக்கம்

7.7.2008, திங்கள்

இன்று முதலாளி கனகசபாபதி அண்ணாச்சி என்னை எழுதச் சொல்லிவிட்டார். அடிக்க அல்ல, எழுத!

பள்ளிப் பிள்ளைகள் வாங்கி, வெட்டி, நோட்டில் ஒட்டுகிற படச் சார்ட்தான் எங்கள் பிரஸ்ஸின் பிழைப்பு. மதுரை வாத்தியார் ஒருவர் எழுதி அனுப்புவார், நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். அவருக்குக் கண் ஆபரேஷனாம். "வாணி, நீயும் டிகிரி முடிச்சவதான? நீர் மின்சாரம் சார்ட்ட எழுது. நல்லா வந்துச்சுன்னா அனலு, காத்து, அணுன்னு மின்சார வரிசை பூராவும் நீயே எழுது" என்றார்.

நான் படித்தது தாவரவியல். அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைப் போல மடச்சி இருக்க மாட்டாள்.

9.7.2008

லைப்ரரியில் பழைய புத்தகம் மூன்று கிடைத்தது. இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. மின்சாரம் தருவது தண்ணீர் மட்டும் இல்லை, அது விழுகிற உயரமும்தான். மலையில் அணை கட்டித் தேக்கி, பெரிய குழாய் வழியே கீழே விடுகிறார்கள். விழுகிற வேகத்தில் டர்பைன் என்ற சக்கரம் சுற்றுகிறது. அதே அச்சில் ஒரு காந்தமும் சுற்றுகிறது, அதைச் சுற்றிலும் செம்புக் கம்பிச் சுருள். காந்தம் ஓட ஓடக் கம்பியில் மின்சாரம். அவ்வளவுதான். சைக்கிள் டைனமோவும் இதே வேலைதான் பார்க்கிறது.

தண்ணீர் செலவாவதே இல்லை என்பதுதான் ஆச்சரியம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது பாட்டுக்கு வயலுக்குப் போகலாம்.

11.7.2008

நன்மைகள் முடிந்தது. புகை இல்லை. நிலக்கரி வாங்க வேண்டாம். ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் குழாயைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம் வந்துவிடும். அனல் நிலையம் அப்படிச் சட்டென்று எழும்பாது.

தீமைகளில்தான் மாட்டிக்கொண்டேன். காடு அழியும். மீன்கள் ஆற்றில் மேலேறிப் போக வழி இருக்காது. வண்டல் அணையிலேயே தங்கிவிடும். மழை பொய்த்தால் சக்கரம் நிற்கும். இதெல்லாம் சரி. "மக்கள் இடம்பெயர நேரிடும்" என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன், பிடிக்கவில்லை. என்னமோ பஸ் மாறுவது போல இருக்கிறது. அடித்துவிட்டு, "வீடும் வயலும் நீரில் மூழ்கும், மக்கள் ஊரை விட்டுப் போக வேண்டும்" என்று போட்டேன்.

அண்ணாச்சி வாசித்துவிட்டு, "தீமை எதுக்கு இம்புட்டு? பிள்ளைக பயந்துரும்" என்றார்.

"பரீட்சையில ரெண்டும் கேப்பாக அண்ணாச்சி."

பரீட்சை என்றதும் அடங்கிவிட்டார்.

15.7.2008

படம் வந்துவிட்டது. வரைந்தவர் ஊர்க்காவலன் அண்ணன். இருபது வருடமாகப் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைந்த கை. மலை, அணை, குழாய், நடுவில் சக்கரம். சுற்றிலும் நீலநீலமாகத் தண்ணீர் சீறுகிறது, கூடவே கறுப்பு அம்புக்குறிகள். நுனியில் அழகுக்கு மஞ்சள் புள்ளிகள் வேறு.

"எப்படிம்மா இருக்கு?"

"உயிரோட இருக்குண்ணே."

சரி பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

21.7.2008

கரண்ட் இல்லை. மிஷினும் இல்லை.

24.7.2008, வியாழன்

நேற்றும் இன்றுமாக என் சார்ட்டில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்று நிறமும் ஓடியது. எழுத்தும் அம்புக்குறியும் கறுப்பில் வரும். அது ஏறும் முன் கரண்ட் போய்விட்டது. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டரின் மாதிரி ஆல்பம் வெளிவர வேண்டும் என்று ஜெனரேட்டரைக் காலண்டர் மிஷினுக்குக் கொடுத்துவிட்டார்கள். மலை அணைகளில் தண்ணீர் குறைவு, அதனால்தான் மின்வெட்டு என்று பேப்பரில் போட்டிருக்கிறது. மழை பொய்த்தால் என்று நான் எழுதிய தீமை என் சார்ட்டையே பிடித்து நிறுத்திவிட்டது.

நாலு நிறமும் சேர்த்து முன்பே போட்ட புரூப் தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் தரைச் சக்கரம் சுருட்டுகிறவள். படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏத்தா, நம்ம சக்கரம் மாதிரியேல்ல இருக்கு! இத எங்கன பத்த வைப்பாக?"

நானும் சிரித்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அம்புக்குறி அத்தனையும் வெளியே பார்த்து நிற்கிறது. தரைச் சக்கரம்தான் பொறியை வெளியே தள்ளித் தள்ளிச் சுற்றும். இதில் தண்ணீர் வெளியிலிருந்து வந்து சக்கரத்தின் இதழ்களை அடிக்க வேண்டும். படத்துக்குக் கீழே நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்! அண்ணன் தண்ணீரை வைத்துச் சங்குசக்கரம் வரைந்திருக்கிறார். நானும் சங்குசக்கரமாகவே பார்த்துச் சரி என்றிருக்கிறேன். சுற்றுவது என்றால் எங்கள் கண்ணுக்கு அதுதானே வரும்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வரிசை போச்சு. ஐயோ, எனக்கு அது வேணுமே. அடிச்சு அடிச்சு அலுத்துப்போச்சு எனக்கு. ஆனால் எந்த ஊர்ப் பிள்ளையோ இதை நோட்டில் ஒட்டி, இப்படியே மனப்பாடம் பண்ணுமே — என்ன செய்ய?

25.7.2008

சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ பாத்துதான கையெழுத்துப் போட்ட?"

"ஆமா அண்ணாச்சி."

"கறுப்பும் ஓடியிருந்தா அம்புட்டுத் தாளும் குப்பைக்குத்தான் போயிருக்கும்."

நீலத் தண்ணீர்க் கோடு எந்தத் திசையையும் சொல்லாது, கறுப்புப் பிளேட்டில் அம்புக்குறியைத் திருப்பினால் போதும் என்று ஊர்க்காவலன் அண்ணன்தான் வழி சொன்னார். தப்பு அவருடையது என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை!

30.7.2008

புதுப் பிளேட்டில் கறுப்பு ஓடியது. அம்பு உள்ளே பார்க்கிறது. மஞ்சள் புள்ளி அப்படியே இருக்கிறது. தண்ணீரில் பொறி பறக்கிறது, பறக்கட்டும்.

6.8.2008

வரிசை எனக்கு இல்லை. அண்ணாச்சியின் மருமகன் மணிகண்டராஜுக்காம். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறானாம். "நீ இனி யாரு எழுதினாலும் பாத்துக் குடு, போதும்" என்றார்.

போதுமாம்! யாருக்குப் போதும்? ஒளிச்சு வச்சிருந்தா இந்நேரம் நான் எழுதிக்கிட்டு இருப்பேன். உண்மையச் சொன்னதுக்கு நல்ல கூலி. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

20.8.2008

மிஷின்காரர் நாகையா பிளேட்டை மாட்டும் முன்னால் கத்துகிறார்: "வாணி பாத்துட்டாளா?" எல்லாச் சார்ட்டுக்கும் இப்படித்தான். முதலில் எரிச்சலாக இருந்தது. இன்று இல்லை.

2.9.2008

மணிகண்டராஜின் காற்றாலைச் சார்ட் வந்தது. தீமைகள்: எதுவும் இல்லை. அதை அடித்துவிட்டு நாலு வரி எழுதினேன். காற்று நின்றால் மின்சாரமும் நிற்கும், பறவைகள் அடிபடும், இப்படி. அண்ணாச்சி வாசித்தார். "பிளேட்டுக்கு அனுப்பு" என்றார்.

11.9.2008, வியாழன்

மணிகண்டராஜ் போன் செய்தான். "அக்கா, எனக்குப் பரீட்சை வருது. அணுமின் சார்ட்டுல தீமை பகுதிய மட்டும் நீங்களே எழுதிருங்களேன். மாமாட்ட சொல்லிட்டேன்."

சரி என்றேன்.

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். நன்மையையும் சேர்த்து.