பக்குவமாகச் சொல்ல ஓர் ஆள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் மெயிலில் எழுதுகிறேன். அப்பா இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறார். சேர்க்கும்போது, "வீட்ல ஒருத்தர்கிட்டதான் விவரம் சொல்லுவோம், யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டார்கள். மூத்தவன் நீ இருக்கும்போது என்னைச் சொன்னால் அப்பாவுக்கே பிடிக்காது என்று உன் எண்ணைக் கொடுத்துத் தொலைத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் கிடக்கிற என்னிடம் நர்ஸ், "உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டோம், கேட்டுக்கோங்க" என்கிறாள். கதவுக்குப் பின்னால் இருக்கிறவருக்குக் காய்ச்சல் விட்டதா என்று கடல் கடந்து கேட்க வேண்டியிருக்கிறது.

உள்ளே கொண்டுபோகும்போது அப்பா ஒன்றுதான் கேட்டார்: "கடைசி நேரத்துல நீ பக்கத்துல இரும்மா." ஒரே ஒரு போன் போட்டு என் பெயருக்கு மாற்றிவிடு.

உன் தங்கை

மார்ச் 5

அன்புத் தங்கச்சிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள் நீ. டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க, அவ தாங்கமாட்டா. நான் பக்குவமா சொல்லிக்கிறேன்." கோபப்படாதே, உன் நல்லதுக்குத்தான். அடுத்த வாரம் டிக்கெட் போட்டிருக்கிறேன். வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்
அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

சனிக்கிழமை காலை டாக்டர் உன்னைக் கூப்பிட்டு, "இனி கொஞ்ச நேரந்தான், தங்கச்சிய உள்ள அனுப்பட்டுமா?" என்று கேட்டாராம். வேண்டாம் என்றாயாம். அப்போது நான் அதே பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்த நர்ஸ், "அண்ணன் சொல்லியிருப்பாரே" என்றாள். "என்ன சொல்லணும்?" என்றேன். டாக்டர் உன்னிடம் கேட்டதை அப்போதுதான் அவள் சொன்னாள். அப்பா என்னைத் தேடினாரா என்று கேட்டேன். "கதவையே பாத்துட்டு இருந்தாருக்கா. கைய நான் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள். யார் பெற்ற பெண்ணோ, அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. உன்னை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

அதன்பிறகு நீ அடித்த போன் எதையும் நான் எடுக்கவில்லை. பெரியவன் வரும்வரை உடலை வைத்திருக்கலாம் என்றார் சித்தப்பா. "வேண்டாம் சித்தப்பா, அவன் தாங்கமாட்டான். முடிஞ்சப்புறம் நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றேன்.

நேற்று அடக்கம் முடிந்தது. டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

அப்பாவின் மகள்