நான்கு மாதக் கெடு

மார்ச் 11, செவ்வாய். இக்காஸ்ட், டென்மார்க்.

என் சட்டப் படிப்பு ஆய்வேட்டுக்குப் பன்னிரண்டு கிடைத்தது. அதற்கு மேல் இங்கே புள்ளி இல்லை. கேள்விப்பட்டு ராசன் அண்ணை வடையோடு வந்தார். தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்த்ததற்காகத் தொழிற்சாலை அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தது. இங்குள்ள கடைசி நீதிமன்றமும் கைவிட்ட பிறகு, ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கு மனு எழுதச் சொல்லித் தீர்ப்புகளை என்னிடம் தந்தார். அவற்றை வைத்து நான் ஆய்வேடு எழுதினேன். மனு எழுதவில்லை.

"என்ன சட்டத்தரணி, ஸ்ட்ராஸ்பூர்க்கில எப்ப பதில் போடுவினம்?"

"மெல்லத்தான் வரும், அண்ணை."

மனுவுக்குக் கடைசித் தீர்ப்பிலிருந்து நான்கு மாதக் கெடு. போன வெள்ளியோடு அது முடிந்துவிட்டது. அந்தக் கெடுவைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். பரீட்சகர் அதைத்தான் மிகவும் பாராட்டினார்.

"இன்னொரு வடை எடும். எனக்காக எழுதி எழுதி நல்லாக் களைச்சுப் போனீர்."

எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது.