எட்டடிக் குழாய்

அஸ்தம்பட்டி, சேலம்
செவ்வாய் காலை

அன்புள்ள ஜீவானந்தம் அவர்களுக்கு,

வணக்கம். தம்மம்பட்டியில் மகள் வீட்டில் நீங்களும் வசந்தாமணி அம்மாவும் சுகம்தானே? உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? இதைக் கோபத்தில் எழுதுகிறேன். இரண்டு தாள்களைக் கிழித்தாயிற்று.

பழுது பார்ப்பதற்காக நம் சர்ச் ஆர்கனின் குழாய்களை அளந்து தரும்படி ஆலயக் கமிட்டி கேட்டபோது, கணக்கு வாத்தியாருக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப் போனேன். நீங்கள் இழுத்து வாசிக்கும் குமிழில் ‘எட்டடி’ என்று பொறித்திருந்த குழாய் வரிசையில் மிக நீளமான குழாயே நாலடிதான் இருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் லாரி பாடி கட்டும் நம் கமிட்டிக்காரர் அன்பரசு கூட்டத்தில் படித்தார். "ஏனுங்க ஆர்கன்காரரே, மிச்சம் நாலடி எங்கீங்க போச்சு? நான் கட்டுற லாரி பாடியில நாலடி கொறைஞ்சா சங்ககிரி லாரிக்காரங்க தோலை உரிச்சுருவாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருடம் வாசித்த நீங்கள் குழாயை அறுத்து விற்றுவிட்டீர்களாம். உங்களிடமிருந்த ஆர்கன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்தக் குழாய்களின் மேல்வாய்க்கு மூடி உண்டு. அதையும் குறித்திருந்தேன். மூடியில் முட்டித் திரும்பும் காற்றலை இரட்டைத் தூரம் நடக்கிறது. அதனால் நாலடிக் குழாய் எட்டடியின் சுரத்தைக் கொடுக்கும். எட்டடி என்பது சுரத்தின் பெயர். அங்கேயே எனக்கு இது தோன்றியது. தப்பாக இருந்துவிட்டால் என்று பயந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று தடவை கணக்குப் போட்டேன். ஒரு பிளாஸ்டிக் குழாயை ஊதி, மறுமுனையை உள்ளங்கையால் மூடினேன். சுரம் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கியது. அதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள்.

அன்பரசு மேல் கோபம். உங்கள் மேலும்தான், உங்களுக்கு இது தெரியாதா? "நான் சொன்னா எடுபடாதுங்க வாத்தியாரே, நீங்க சொல்லுங்க" என்று கூட்டத்தில் என்னைப் பார்த்தீர்கள். நான் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டிய அந்தக் கை மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி மறுபடி கூடுகிறது. அந்தப் பிளாஸ்டிக் குழாயோடு போகிறேன். அன்பரசுவின் உள்ளங்கையாலேயே மூடச் சொல்வேன். என் குரல் நடுங்கும், நடுங்கட்டும். நீங்கள் முதல் பெஞ்சில் இருக்க வேண்டும்.

பெடல் மிதிக்கும்போது நீங்கள் போடும் கறுப்பு ஷூ ஆர்கனுக்கு அடியிலேயே கிடந்தது. எடுத்துவந்து துடைத்து வைத்திருக்கிறேன். அதைத் தாண்டித்தான் தினமும் வெளியே போகிறேன், பார்க்க முடியவில்லை. வந்து போட்டுக்கொள்ளுங்கள், சாமி.

உங்கள்
கைலாசம்