செடி வாடியது உன்னால் இல்லை

ஹ்ருஷி,

சாத்தமுது அடுப்பின் மேல் இருக்கிறது, சுட வைத்துச் சாதத்தில் ஊற்றிக்கொள். ஆபீஸ் கிளம்பும்போது சாவியை மாடி வீட்டு லீலாவிடம் கொடு. என் அம்மாவைப் பார்க்க மேல்கோட்டை போகிறேன், மாலையில் வந்துவிடுவேன்.

பூச்சி பிடிக்கும் நம் குடுவைச் செடி செத்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடித் தொட்டியிலிருந்து எடுத்துப் பின் பால்கனி நிழலில் வைத்திருக்கிறேன். மழைத்தண்ணீர் மட்டும் தெளி. கெஞ்சிக் கேட்கிறேன்.

நீ பூஜை செய்து மிஞ்சிய பெருமாள் தீர்த்தத்தைத் தினமும் வேரில் ஊற்றி நீதான் கொன்றாய் என்று கத்தினேன். நான்கு நாட்களாக நீ பேசவில்லை. நேற்று நர்சரி ரத்தினவேலிடம் கேட்டேன்.

“தீர்த்தமும் ஆகாதுதான். ஆனா இது மலைக்குளிர்ல வளர்ற ஜாதிம்மா. மூடின தொட்டிக்குள்ள வெந்துபோச்சு. சூடு தாங்குற ஜாதிய எடுங்கன்னு அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேனே!”

உண்மைதான். குடுவையின் சிவப்பில் மயங்கி, “மைசூரு ஜில்லுனுதானே இருக்கு” என்று நான்தான் பிடிவாதமாக வாங்கினேன். மன்னித்துவிடு.

பி.கு. தீர்த்தத்தை என் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாளைக் காலை கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். திட்டிக்கொண்டாவது கொடு.

ஸுப்ரஜா