குள்ளனுக்குப் பிறகு நாம் இருவர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நினைத்தேன். முதல் பாதியைப் பொய்யாக எழுதக் கை வரவில்லை. உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் நீ வெல்டிங் செய்யும் பட்டறைக்கே இதை அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

குள்ளன் போய்விட்டான். வயிறு பானையாக உப்பி, கண்ணெல்லாம் மஞ்சளாகி, கடைசியில் ரத்த வாந்தி. நம் மூவரில் எச்.ஐ.வி. மாத்திரையை ஒருநாளும் தவறவிடாதவன் அவன்தான். மறந்தால் நம்மைத் திட்டுவான். அப்படிப்பட்டவனுக்கு எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டுப் போயிருந்ததாக அவன் தம்பி சொன்னான்.

மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். போதை ஊசி போட்ட காலத்தில் ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டீர்களா என்று கேட்டார். ஊசி மட்டுமா? கலக்கிய கரண்டி, பஞ்சு, தண்ணீர், அந்த மொட்டைமாடி அறையில் எல்லாமே நமக்குப் பொதுதானே.

"ஹெபடைட்டிஸ் சி-யும் அதே வழியாத்தான்ப்பா வரும். எச்.ஐ.வி.யோட சேந்தா கல்லீரலைச் சீக்கிரம் தின்னுடும். ரொம்ப நாளைக்கு வெளியவே தெரியாது" என்றார்.

எனக்கும் இருக்கிறது மாப்பிள்ளை. நானும் ரத்தம் கொடுத்துச் சோதித்தேன்; முடிவு வந்த அன்று கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்ற உட்கார்ந்தேன். எண்ணிக்கை விட்டுப்போய் மூன்று தடவை பிரித்துச் சுற்றினேன். யாரையாவது காதலிக்கிறாயா என்று முதலாளி கிண்டலடித்தார். சிரித்து வைத்தேன்.

வீட்டில் என் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. என் சவர பிளேடையும் நகவெட்டியையும் எடுத்துத் தனி டப்பாவில் போட்டாள். பிறகு அவளும் போய் ரத்தம் கொடுத்தாள். முடிவு வரும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவளுக்கு இல்லை. அன்றுதான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியது.

இதற்கு மாத்திரை இருக்கிறது. மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டால் பெரும்பாலும் அடியோடு போய்விடுமாம். எச்.ஐ.வி. மாத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். பாதி முடித்துவிட்டேன்.

உன் அக்காவைப் பார்த்தேன். கடைசியாகப் பேசியபோது அசதி, பசியில்லை, எல்லாம் வெயில்தான் என்றாயாம். வெயிலாகவே இருக்கட்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மறுபடி ஊசியைத் தொட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை. தொட்டிருந்தாலும், இல்லாவிட்டாலும் சோதித்துக்கொள். யாருடைய ஊசியையும் வாங்கிப் போடாதே. அங்கே தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தால் கிளம்பி வா. வேலை போனால் மயிரே போச்சு. எங்கள் முன்னறை சின்னதுதான், ஆனால் ஒரு பாய் விரிக்க இடமிருக்கிறது. டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப்போகிறேன்.

குள்ளனைத் தூக்கும்போது உன் தோளுக்குப் பதிலாக வேறு ஆளைத் தேட வேண்டியிருந்தது. இன்னொரு முறை அப்படித் தேட என்னால் ஆகாது. போனைப் போட்டு ஒரு கெட்ட வார்த்தையாவது திட்டுடா.

நீ நெடுநாள் இருக்க வேண்டும்.

உன்
மச்சான்