கக்கா இறைச்சியும் நான் சொன்ன காரணமும்

டிசம்பர் 6, சனி

வெயில். பினாங்கு வெயில் மாதிரியேதான், ஆனால் இங்கே வியர்வையோடு சுக்கு வாசனையும் ஒட்டிக்கொள்கிறது. விடுதி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால். கீழே மிளகு, சுக்குக் கிடங்கு. ஏசி உறுமுகிறது. குளிரவில்லை.

நாளை மதியம் பெண் வீட்டில் சாப்பாடு. ரிஸ்வானா. கோலாலம்பூரில் என் மகன் இர்ஃபானோடு வேலை பார்க்கிறவள், லீவில் வந்திருக்கிறாள். அப்பா மஸ்கட்டில். அம்மா பெயர் சுலைகா. மூன்று தலைமுறையாக இந்த ஊர், வீட்டில் தமிழ். இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் அவன் ஏறிட்டும் பார்ப்பதாயில்லை. நான் சரி என்றால் நிக்காஹ். இல்லையென்றால் சண்டை போட மாட்டான், சும்மா இருந்துவிடுவான். அதுதான் பயம்.

கொண்டுபோக: பிஸ்கட் டின். பாத்திக் துணி இரண்டு. சுலைகாவுக்குக் கைப்பை. ஜாதிக்காய் ஊறுகாய் (ஜாதிக்காய் விளைகிற ஊருக்கே ஜாதிக்காயா என்று இ. சிரித்தான்).

இ. இன்னும் சொன்னது: "மா, நாளைக்கு மூஞ்சியைச் சுளிக்காதீங்க லா." நான் எப்போது சுளித்தேன்?

டிசம்பர் 7, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நெய்ச்சோறு, கோழி, மீன் பொரியல், பப்படம். நடுவில் மூடி போட்ட மண்சட்டி. சுலைகா அதை என் முன்னால் நகர்த்தித் திறந்தாள். "கக்கா எறச்சி அக்கா. நம்ம காயல்ல கிடைக்கிறது. முதல்ல நீங்க எடுங்க." சிப்பிக்குள் இருக்கும் சதை. சுண்டுவிரல் நுனி அளவு, நூற்றுக்கணக்கில். தேங்காய்க் கொத்து, மிளகு, கறிவேப்பிலை. மேலே மிளகு வாசனை, அடியில் சேற்று வாசனை.

ஒன்றை வாயில் போட்டேன். முதலில் ரப்பர். கடித்தால் நடுவில் எதுவோ மெத்தென்று உடைந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. இருமுவதுபோல் இருமி டிஷ்யூவில் துப்பி, டிஷ்யூவைக் கைப்பையில் திணித்தேன்.

சுலைகா பார்த்துவிட்டாள். "பிடிக்கல்லியா அக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா, வெளிநாட்டிலிருந்து வந்தவள், முதல் விருந்திலேயே துப்பினாள் என்று ஆகிவிடுமே! வாய் தானாக வேறொன்றைச் சொன்னது.

"அதில்ல சுலைகா. நாங்க ஹனஃபி மத்ஹப். தண்ணியில உள்ளதுல மீனைத் தவிர மத்தது எங்களுக்குக் கூடாது. தெரியாம வாயில வச்சிட்டேன்."

அவள் கை கரண்டியோடு அப்படியே நின்றது. பிறகு சட்டியை மூடி உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வந்து, "நாங்களும் ஹனஃபிதான் அக்கா, பாலக்காட்டு ராவுத்தர்கள். இங்க வந்து, இங்கத்தக்காரங்க தின்னுறதைத் தின்னு பழகியாச்சு. மன்னிக்கணும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் பெரிய மனுஷி மாதிரி "பரவாயில்லை" என்றேன். பரவாயில்லையாம்! மன்னிக்க வந்துவிட்டேன் நான்!

திரும்பும்போது ஆட்டோவில் இ. கேட்டான்: "பினாங்குல சிப்பி போட்ட குவே தியாவ் நூடுல்ஸ் வாங்கும்போது நம்ம என்ன மத்ஹப் மா?"

ஹனஃபி என்பது உண்மை. பேணியது இவன் அத்தா, நானில்லை. அவர் இறால்கூடத் தொட மாட்டார். நான் வாரா வாரம் கடையில் நின்று இன்னும் கொஞ்சம் சிப்பி போடுங்கள் என்று கேட்டு வாங்குவேன், அவர் பக்கத்தில் நின்று சிரிப்பார். போய்ச் சேர்ந்த மனிதருடைய பேணுதலை எடுத்து என் நாக்கை மறைத்துக்கொண்டேன். கேவலம்.

டிசம்பர் 8, திங்கள்

மூட்டம். மழை இல்லை. இ. என்னை விட்டுவிட்டுப் படகு ஜெட்டிப் பக்கம் போனான். நான் இரண்டு சாயா, ஒரு பழம்பொரி. பழம்பொரி நன்றாக இருந்தது. எனக்குப் பிடித்ததெல்லாம் சுலபமாக இறங்குகிறது.

பாஸ்போர்ட் தேடிக் கைப்பையைத் திறந்தேன். அந்த டிஷ்யூ. சுற்றிலும் எறும்பு.

11 மணிக்கு சுலைகா ஃபோன். "நாளைக்கு மதியம் வாங்க அக்கா. புதுச் சட்டியில மீன் வைக்கிறேன், பயப்பட வேண்டா." புதுச் சட்டி! அவள் சட்டியை நான் தீட்டாக்கியது போல ஆயிற்றே. அப்போதே சொல்லியிருக்கலாம். ஃபோனில் முகம்கூடத் தெரியாது. "அங்க வெயில் எப்படி?" என்று கேட்டேன். இரண்டு சந்து தள்ளி இருக்கிறாள், அங்கே வெயில் எப்படியாம்.

இ. வந்தான். கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே: "தன் அம்மாவை அழ வச்ச வீட்டுக்கு அவ ஏன் வரணும்னு நினைக்கிறீங்க?" ரிஸ்வானா அப்படிச் சொன்னாளா என்று கேட்டேன். "சொல்லல. நான் கேக்குறேன்."

செய்ய: நாளை உண்மையைச் சொல்ல வேண்டும். மருந்து. டிஷ்யூவை எறிய வேண்டும் (எறிந்தாயிற்று).

டிசம்பர் 9, செவ்வாய்

சொல்லவில்லை.

தேவராவிலிருந்து சுலைகாவின் நாத்தனார் ஆயிஷா வந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்க வேண்டுமாம். பெரிய குரல். நான் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, சுலைகாவைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தம் பேச வந்தவங்க முன்னால கூடாததைக் கொண்டு வச்சியாமே? புத்தி உண்டா ஒனக்கு? இவங்க வேண்டாம்னு போயிட்டா என் தம்பிக்கு ஆரு சமாதானம் சொல்றது?"

சுலைகா: "தப்பு என்னோடதுதான் மைனி."

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும், ஏச்சு நின்றிருக்கும். தலையைத் தூக்கி, "மீன் நல்லா இருக்கு" என்றேன். சீ.

கை கழுவப் போனபோது ரிஸ்வானா துண்டோடு வந்தாள். தாழ்ந்த குரலில், "மாமி, நீங்க விஷமப்பட வேண்டா, மனசுல வச்சுக்காதீங்க. இர்ஃபான் மேலயும் தப்பு உண்டு. உங்களுக்கு சிப்பின்னா உயிரு, கூடப் போடச் சொல்லி வாங்குவீங்கன்னு எங்கம்மாகிட்ட அவருதான் சொன்னாரு. அதுக்காகத்தான் அம்மா இடக்கொச்சியிலிருந்து வரவழைச்சு, விடியக்காலையில சுபஹு தொழுதுட்டு உக்காந்து ஒவ்வொண்ணாப் பிதுக்கி அழுக்கெடுத்தாங்க."

கையில் சோப்பு அப்படியே. "அப்ப நான் சொன்னது பொய்னு அம்மாவுக்கு..."

"ஞாயித்துக்கிழமையே தெரியும் மாமி. ஆர்கிட்டயும் ஒரு வார்த்தை மிண்டக் கூடாதுன்னு என்கிட்ட சொன்னாங்க."

அடுப்படியில் அதே பழைய மண்சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. புதுச் சட்டி எதையும் காணோம்.

அவளுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டபோதும் தெரியும், நாத்தனாரிடம் ஏச்சு வாங்கியபோதும் தெரியும். என் மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் முள் எடுத்தேன்.

ராத்திரி இ. கூப்பிட்டான், சாப்பிட வாருங்கள் என்று. பசிக்கவில்லை என்றேன். அது பொய்யில்லை.

டிசம்பர் 10, புதன்

விமானம் நாளை. காலை எட்டரைக்கு, இ. எழும் முன், தனியாகப் போனேன்.

சுலைகா பின்கட்டில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் பேசின் நிறைய கக்கா; இன்றைக்கு அவர்கள் வீட்டுச் சமையலுக்கு. என்னைக் கண்டதும் பக்கத்திலிருந்த தாம்பாளத்தால் மூடப் பார்த்தாள். எனக்காக அவள் ஒளிக்கிறாள்! பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலி.

"நான் பொய் சொன்னேன் சுலைகா."

"அறியாம் அக்கா, அன்னைக்கே தெரியும்." சிரித்தாள். "பிடிக்கல்லன்னா பிடிக்கல்லன்னு சொல்லியிருக்கலாமே. கல்யாணமாகி வந்த புதுசுல நானும் துப்பினவதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேசினிலிருந்து ஒன்றை எடுத்தேன். "வேண்டா அக்கா, கை நாறும்" என்றாள். பிறகு சொல்லிக்கொடுத்தாள்: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அமுக்க வேண்டும், கறுப்பாக வெளியே வரும், அலச வேண்டும். வேகமாக அமுக்கினால் கிழிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு செய்தேன். நாலு கிழிந்தது. நகமெல்லாம் கறுப்பு. ஞாயிறு அன்று என் ஒருத்திக்காக இப்படி ஒரு சட்டி நிறைய.

ஆயிஷா வந்தார். ராத்திரி இங்கேயே தங்கியிருக்கிறார். சாயா கிளாஸோடு வாசற்படியில் நின்று, "யா அல்லாஹ்! இவங்க இதைத் தொடலாமா?"

சுலைகா அதற்குள், "அக்கா சும்மா எனக்கு ஒரு கை..." என்று ஆரம்பித்தாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "தொடலாம். திங்கவும் திம்பேன். எங்க ஊர்ல வாரா வாரம் திம்பேன். இதோட ருசி பிடிக்கல. அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மார்க்கத்தை இழுத்தேன். சுலைகா மேல ஒரு தப்பும் இல்ல."

ஆயிஷா என்னைப் பார்த்தார். என் நகங்களைப் பார்த்தார். சத்தமில்லாமல் கேட்டார், அந்தக் குரலால் அப்படியும் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது.

"அப்ப நேத்து நான் இவளை ஏசும்போ, நீங்க எங்க இருந்தீங்க?"

பக்கத்திலேயேதான் என்றேன்.